சிவப்புப் பாதத்தின் சுண்டுவிரல்

என் தங்கைக்குக் கடையில் லென்ஸ் என்று பெயர். வைத்தவர் முதலாளி. பாராட்டி வைத்த பெயரல்ல.

விளம்பரப் பலகையும் ஸ்டிக்கரும் செய்து கொடுக்கும் சின்னக் கடை அது. முன்னறையில் முதலாளியும் கம்ப்யூட்டரும். பின்னறை முழுக்க மெஷின். தங்கை மெஷினில் வெட்டித் தருவாள். நான் அதை எடுத்துப்போய்ச் சொன்ன இடத்தில் ஒட்டிவிட்டு வருவேன். கடைக் கண்ணாடி, வேன் கதவு, மருத்துவமனைச் சுவர் எல்லாம் என் பாடு. என் படிப்பு எட்டாவதோடு நின்றது. அவள் பன்னிரண்டாவது முடித்துத் தொழிற்பயிற்சியும் முடித்தவள். அந்த மெஷினைத் தனியாக ஓட்டத் தெரிந்தவர் கடையில் அவள் ஒருத்திதான். முதலாளிக்கு அதை நிறுத்தத் தெரியும், அவ்வளவுதான்.

சின்ன வயதிலேயே அவள் பயந்த சுபாவம். உள்ளே பூச்சி இருக்குமோ என்று செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் காலை நுழைப்பாள். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வந்தால் பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடுவாள். "இந்தப் பொண்ணு எப்படித்தான் பொழைக்கப் போகுதோ" என்று சித்தி எங்கள் காதுபடவே சொல்வார். எனக்கு மட்டும் ஒன்று தெரியும். பயந்தவர்கள் அந்த இடத்தை விட்டு ஓடுவார்கள். இவள் பயந்த இடத்துக்கே போய்க் குனிந்து பார்ப்பாள். கை நடுங்கிக்கொண்டேதான் பார்ப்பாள், ஆனால் பார்க்காமல் வரமாட்டாள்.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கட்டிலைவிடப் பெரிய மேசை. அதன் குறுக்கே ஒரு பாலம். பாலத்தில் அங்குமிங்கும் நகர்ந்து ஏறி இறங்கும் ஒரு தலை. கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த வழியில் தலை நகரும். மரப்பலகை வெட்டும்போது அந்தத் தலையில் மோட்டார் சுற்றும், பேசினால் காதில் விழாது. ஸ்டிக்கருக்கான மெல்லிய வினைல் வெட்டும்போது சத்தமே இருக்காது. துளைப்பான் மாதிரி சுற்றுகிற பிட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிராக் கத்தியை மாட்டுவாள். அது சுற்றாது, இழுபட்டுப் போகும். கடைகளில் சாமான் வண்டியைத் தள்ளினால் அதன் சின்னச் சக்கரம் நாம் திரும்பும் பக்கமெல்லாம் தானாகத் திரும்பிப் பின்னால் வருமே, அதே மாதிரிதான். கத்தியின் முனை நடுவிலிருந்து ஒரு மயிரிழை பின்தங்கி நிற்கும். தலை போகும் திசைக்கு அது தன்னைத் திருப்பிக்கொள்ளும்.

கத்தி மாட்டியிருக்கும்போது மோட்டார் ஓடவே கூடாது. ஓடினால் கத்தி பிய்த்துக்கொண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. மரம் வெட்டிய பழைய கட்டளையில் ஒரு வரி கம்ப்யூட்டர் கோப்பில் மிச்சமிருந்தாலே போதும், ஓடிவிடும். அதனால் அவள் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கி, தன் கண்ணில் படுகிற மாதிரி ஸ்டூலின் மேல் வைத்துக்கொள்வாள். அதன் பிறகு மூலையில் ஒரு சின்ன வட்டம் வெட்டி உரித்துப் பார்ப்பாள். வினைல் அறுந்திருக்க வேண்டும். அடித்தாளில் கோடு மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும், தாள் அறுபடக் கூடாது. அது சரியாக வந்தால்தான் முழு வேலையையும் ஓடவிடுவாள்.

வேலை முடிந்ததும் கத்தியின் முனையை லென்ஸ் வைத்துப் பார்ப்பாள். முனை கார்பைடு என்ற கெட்டியான பொருள். கூர்மைக்குக் குறைவில்லை, ஆனால் கண்ணாடி மாதிரி சில்லுப் போய்விடும். பார்த்து "இருக்கு" என்று சொன்ன பிறகுதான் வெட்டிய தாள் மேசையை விட்டு நகரலாம்.

"ஏம்மா லென்ஸு, அது என்ன உன் கம்மல் திருகா? இருக்கா இருக்கான்னு பாத்துட்டே இருக்க" என்பார் முதலாளி.

"கம்மல் திருகு தொலைஞ்சா எனக்கு மட்டும்தான் சார் நஷ்டம்" என்பாள் அவள், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குழந்தைகளுக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் ஓர் இடத்திலிருந்து வேலை வந்தது. பிறவியிலேயே கால் பலமில்லாத பிள்ளைகள், முதுகில் அறுவைச் சிகிச்சை ஆன பிள்ளைகள் வருகிற இடம். நீளமான கூடம். ஒரு கோடியில் கதவு, மறு கோடியில் ஆளுயரக் கண்ணாடி. நடுவில் பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கம்பிகள். கதவிலிருந்து கண்ணாடி வரை தரையில் பாதங்கள் ஒட்ட வேண்டும், இடது சிவப்பு, வலது நீலம். பிள்ளைகள் வெறுங்காலோடு அதில் காலை வைத்து வைத்து நடப்பார்கள்.

தரையை அளக்க நான் போயிருந்தபோது பயிற்சி கொடுக்கும் மேடம் ஒரு விஷயம் சொன்னார். இங்கே வரும் சில பிள்ளைகளுக்குக் காலில் உணர்ச்சியே கிடையாது. சூடு தெரியாது, குத்தினால் தெரியாது. குளிக்கவைக்கும்போது வாளித் தண்ணீரில் தாய்மார்கள் தங்கள் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளையின் கால் அதில் படும். அதை வீட்டில் வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அப்போ முள்ளு குத்தினா?" என்று கேட்டாள். "தெரியாதாம்" என்றேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் அனுப்பிய படத்தில் உள்ளங்கால் ஒரு துண்டு, விரல்கள் ஐந்தும் தனித்தனிப் பொட்டு. அதைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"சார், இந்தச் சுண்டுவிரல் ரொம்பச் சின்ன வட்டம். கத்திக்குத் திரும்ப இடம் பத்தாது. முனையைப் பக்கவாட்டுல நெருக்கும். கொஞ்சம் பெருசாக்கிக்கலாமான்னு கேளுங்க."

"அவங்க கேட்டது இதுதானம்மா. மெதுவா ஓட்டு, வந்துரும்."

மெதுவாகத்தான் ஓட்டினாள். நீலத் தாள் முதல் நாளே முடிந்துவிட்டது. லென்ஸில் பார்த்தாள், இருக்கு என்றாள். சிவப்புத் தாளை மறுநாள் காலையில் போட்டாள். பிள்ளைகள் வருவதற்குள் ஒட்டி முடித்துவிட வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்ததால் நான் வண்டிச் சாவியும் கையுமாக நின்றிருந்தேன். கடைசிப் பாதத்தை முடித்துத் தலை மேலே எழும்பிய நேரத்தில் முன்னறையிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார். யாரோ கொண்டுவந்த படம் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. வந்தவர் கிளம்பிப் போய்விடுவார் போலிருந்தது. அவள் அந்தப் பக்கம் ஓடினாள். நான் தாளை உருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சுற்றிலும் உள்ள வேண்டாத வினைலை உரிப்பது வழக்கமாக அவள் வேலை. அன்று அதை அங்கேயே போய் உரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கூடம் காலியாக இருந்தது. கழுவித் துடைத்த தரை. கதவுப் பக்கமிருந்து ஆரம்பித்தேன். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று உரித்து, வைத்து, தேய்த்துக்கொண்டே போனேன். ஒட்டியதைத் தேய்க்க என்னிடம் கையளவு பிளாஸ்டிக் பட்டை ஒன்று உண்டு. கீறல் விழாமல் இருக்க அதன் ஓரத்தில் தடித்த துணி ஒட்டியிருக்கும். பாதி வழியில் ஒரு சிவப்புப் பாதத்தில் சுண்டுவிரல் தனியாக நிற்காமல் வேண்டாத வினைலோடு சேர்ந்து எழும்பியது. வெட்டு வந்து சேராமல் ஒரு இழை விட்டுப்போனால் அப்படி வரும். எப்போதாவது நடப்பதுதான். நகத்தால் கிழித்து விரலை அதன் இடத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தேன்.

மேடம் வந்து பார்த்தார். "வழியே சிரிக்கிற மாதிரி இருக்கு" என்றார். சந்தோஷமாகத்தான் கடைக்குத் திரும்பினேன்.

தங்கை கடை வாசலில் நின்றிருந்தாள். கையில் கத்தி வைக்கும் சின்னப் பெட்டி. உதட்டில் ரத்தமே இல்லை.

"ஒட்டிட்டியாண்ணா?"

"ஒட்டியாச்சு. ஏன், என்ன?"

"எல்லாத்தையுமா?"

"பாதியை ஒட்டிட்டா வருவாங்க? என்ன ஆச்சு சொல்லு."

"முனை இல்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் பெட்டியைத் திறந்து லென்ஸை என் கண்ணில் வைத்தாள். கத்தி கூராகப் போய் முடியவேண்டிய இடத்தில் மொட்டையாக நின்றது. உடைந்து போனது எள்ளில் கால்வாசி இருந்தால் அதிகம்.

மேசை முழுக்க வெள்ளைத் தாளால் ஒற்றி எடுத்துப் பார்த்துவிட்டாளாம். தரையைக் கூட்டிக் குப்பையைச் சலித்தும் பார்த்துவிட்டாள். எங்கேயும் இல்லை.

"அப்போ தாளோட போயிருக்கு" என்றாள். "நடுவுல உடைஞ்சிருந்தா அதுக்கப்புறம் வெட்டினதெல்லாம் பிசிறு பிசிறா வந்திருக்கும். அப்படி ஏதாவது வந்துச்சா?"

"இல்லையே. எல்லாம் வெண்ணெய் மாதிரி வந்துச்சு." சொல்லும்போதே எனக்கு அந்த விரல் ஞாபகம் வந்தது. "ஒரே ஒரு சுண்டுவிரல் மட்டும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. நகத்தால கிழிச்சு வெச்சேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "கடைசி வெட்டு அதுதான். மெஷின் கடைசியா வெட்டினது ஒரு சிவப்புச் சுண்டுவிரல். வட்டம் வந்து சேரும்போது உடைஞ்சிருக்கு. அந்த விரல்லதான் இருக்கும்."

பயிற்சி இடத்துக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் நடக்கும் நேரத்தில் அங்கே யாரும் போனை எடுக்கமாட்டார்கள்.

முதலாளி எழுந்து வந்தார். அவர் முகமும் மாறிவிட்டது, ஆனால் அவருடைய பயம் வேறு. "இத பாரும்மா, ஊதினா பறக்கிற துண்டு. காத்துல எங்கயோ போயிருக்கும். நீ போய் முனை கினைன்னு ஆரம்பிச்சா நாளைக்கு நம்மகிட்ட யாரு வேலை கொடுப்பாங்க? ஒரு ஸ்டிக்கர் சரியா ஒட்டலை, மாத்தணும்னு சொல்லு. எடுத்துட்டு வந்துரு."

"அந்த விரல்ல இல்லைன்னா சார்?"

 அவள் செருப்பைக்கூடத் தட்டிப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

அன்று ஓட்டியது மாதிரி நான் என்றும் வண்டி ஓட்டியதில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் அவள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். அந்தப் பாதத்தைப் பட்டையால் எந்தப் பக்கம் தேய்த்தாய், விரலை முதலில் தேய்த்தாயா, குதிகாலை முதலிலா. எனக்கு எரிச்சலாக வந்தது. "அதெல்லாம் யாருடி ஞாபகம் வெச்சுப்பாங்க" என்றேன். அவள் என் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பிறகு மெதுவாக, "குத்தினாகூட அழமாட்டாங்கண்ணா. அழுதா எங்கன்னு தெரியும்" என்றாள். நான் வண்டியை இன்னும் விரட்டினேன்.

கூடத்தின் கதவில் கண்ணாடி பதித்திருந்தது. உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். சுவரோரம் பாயில் இரண்டு பேர். வழியின் ஆரம்பத்தில் ஒரு பையன் சிவப்பில் ஒரு கால், நீலத்தில் ஒரு கால் வைத்து நின்றான். தள்ளி, கம்பிகளுக்கு நடுவே, ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி. ஆறு வயது இருக்கும். குருவி என்று கூப்பிடுவார்கள் என்பது பிறகு தெரிந்தது. கம்பியைப் பிடித்தபடி ஒரு காலைத் தூக்கி, குறி பார்த்து, பாதத்தின் மேல் அழுத்தமாக வைத்தாள். 

நான் கத்தியிருப்பேன். தங்கை என் வாயைப் பொத்துகிற மாதிரி கையை நீட்டினாள். "சத்தம் போட்டா திடுக்கிட்டு விழுவாங்க." கதவைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய் மேடத்தின் காதருகே குனிந்தாள். முதலாளி சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாளா என்று பார்த்தேன். அவள் உள்ளதைச் சொன்னாள். எங்கள் கத்தியின் முனை ஒடிந்து இந்தப் பாதங்களோடு வந்துவிட்டது, தரையில் எங்கேயோ இருக்கிறது.

மேடம் ஒரு நொடிதான் அவளைப் பார்த்தார். பிறகு கையைத் தட்டி, "எல்லாரும் சிலை" என்றார். "யாரு கடைசி வரைக்கும் அசையாம நிக்கறாங்கன்னு பாப்போம்."

பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். பையனை மேடம் தூக்கிப் பாயில் உட்காரவைத்து இரண்டு உள்ளங்காலையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பாயில் இருந்த இருவருக்கும். ஒன்றுமில்லை. "குருவி, நீ அங்கயே நில்லு. நீ கண்டிப்பா ஜெயிப்ப" என்றார். அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா எழுந்துவிட்டார். "என்ன மேடம்? என்ன ஆச்சு?" என்றார். மேடம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "தரையில கூரா ஏதோ கிடக்கு. காலை எங்க வைக்கிறதுன்னு தெரிஞ்சுட்டுப் போகலாம்" என்றார்.

தங்கை முட்டி போட்டுக் குனிந்து போனின் விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்தாள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் சின்னது எதுவும் நிழல் காட்டும். நான் அவளுக்கு முன்னே தவழ்ந்து போய் அந்தப் பாதத்தைக் காட்டினேன். சுண்டுவிரலின் ஓரத்தில் நான் கிழித்த பிசிறு தெரிந்தது. அவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். விரல் நுனியால் தடவினாள். நகத்தால் அந்தச் சுண்டுவிரலைக் கிளப்பி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.



அவள் விளக்கை அடுத்த நீலப் பாதத்துக்கு நகர்த்தினாள். அங்கே குதிகாலிலிருந்து விரல் வரை ஒரு கீறல். தலைமுடி விழுந்த மாதிரி, நேரே பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அதற்கடுத்த சிவப்பிலும் அதே கீறல். முந்தைய பாதங்களில் கிடையாது.

"அண்ணா, உன் பட்டையோட துணி" என்றாள். "முனை அதுல மாட்டிக்கிச்சு. இங்கிருந்து நீ ஒவ்வொண்ணையும் தேய்க்கத் தேய்க்க அது கீறிட்டே வந்திருக்கு."

பட்டையை எடுத்துவர வண்டிக்கு ஓடினேன். பையிலிருந்து அதை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துணியில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது. முனை இல்லை. திரும்பி வந்தபோது அவள் கீறலைப் பின்பற்றி முக்கால் வழி போயிருந்தாள். நீலம், சிவப்பு, நீலம். ஒவ்வொன்றிலும் கீறல் இருக்கும்வரைதான் எங்களுக்கு நிம்மதி. அது இருக்கும்வரை முனை துணியில் இருந்தது என்று அர்த்தம். எந்தப் பாதத்தில் கீறல் நிற்கிறதோ அந்த இடத்தில் அது விழுந்திருக்கிறது.

ஒரு சிவப்புப் பாதத்தின் நடுவில் கீறல் நின்றது.

அதற்கு அடுத்த நீலத்தில் குருவியின் வலது கால் இருந்தது. இடது கால் இன்னும் பின்னால் சிவப்பில், விரல்களை மட்டும் தூக்கி, குதிகால் ஊன்றி, சிலையாக நின்றாள். தங்கை அந்தச் சின்னக் குதிகாலுக்கு எதிரே முகத்தை வைத்துத் தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். தரையில் எதுவும் இல்லை.

"அக்கா, நான் அசையவே இல்ல" என்று குருவி உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

"பாத்தேன். நீதான் ஜெயிச்ச" என்றாள் தங்கை.  "அம்மா, பாப்பாவைத் தூக்குங்க. கால் தரையில தேயாம நேரா மேல தூக்குங்க."

அந்த அம்மா கம்பிக்கு வெளியே நின்றபடி தூக்கினார். இடது குதிகால் எங்கள் முகத்துக்கு நேரே வந்தது. தடித்த தோலின் நடுவே பேனாவால் தொட்ட மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு. பிள்ளை கூசுகிறது என்று சிரித்தாள். உள்ளங்காலில் அல்ல, அம்மா பிடித்திருந்த இடுப்பில்.

மேடம் இடுக்கியைக் கொண்டுவந்து மருந்தில் நனைத்தார். அவர் எடுக்கும்போது அந்த அம்மா பிள்ளையின் முகத்தைத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டார். பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை, அவருக்குத்தான் தேவைப்பட்டது. வெளியே வந்ததை வெள்ளைப் பஞ்சில் வைத்தார்கள்.

"முழுசா வந்துருச்சா?" என்று அம்மா கேட்டார். "உள்ள ஏதும் தங்கிருச்சுன்னா இவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

 தங்கை தன் பெட்டியிலிருந்து உடைந்த கத்தியை எடுத்தாள். பஞ்சின் மேல், முனையின் பக்கத்தில், கத்தியை வைத்து ஊசியால் மெதுவாகத் தள்ளிப் பொருத்தினாள். கை நடுங்கி ஒருமுறை விலகியது. எழுந்து கையை உதறிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். லென்ஸில் நெடுநேரம் பார்த்தாள். திருப்பிப் போட்டுப் பார்த்தாள். 

"உடைஞ்ச வாய் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேருது. நடுவுல இடைவெளி இல்ல. நீங்களும் பாருங்க" என்று லென்ஸை அந்த அம்மாவிடம் கொடுத்தாள்.

அவர் பார்த்தார். மேடமும் பார்த்தார். எதற்கும் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றார் மேடம். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பியதெல்லாம் மாலைக்குள் முடிந்தது. நாங்கள் டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தோம்.

வெளியே வந்த அந்த அம்மா எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தினமும் ராத்திரி இவ காலைப் பாப்பேன்" என்றார். "இன்னைக்கும் பாத்திருப்பேன். ஆனா அதுக்குள்ள எத்தனை தடவை மிதிச்சிருப்பா, எவ்வளவு உள்ள போயிருக்கும்." பிறகு, "சொல்லாம இருந்திருக்கலாமே. யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றாள் தங்கை.

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். மன்னித்தாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பாதங்கள் எல்லாவற்றையும் அன்றே உரித்து எடுத்தோம். முதலாளி முதலில் கத்தினார், பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மறுநாள் காலை கடைக்கு வந்ததும், "அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஏதும் இல்லையே?" என்று என்னிடம்தான் கேட்டார், அவளிடம் கேட்கத் தைரியமில்லாமல்.

அவளுக்கு வினைல் வெட்டவே கை வரவில்லை. மரம் வெட்டுவாள். டிராக் கத்தியை எடுத்தால் மாட்டாமல் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுவாள். வினைல் வேலைகளைக் கத்தரிக்கோலால் நான் வெட்டி ஒப்பேற்றினேன். வீட்டில் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து தன் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தாள். இதற்கு மேல் இவள் அந்த வேலைக்குப் போக மாட்டாள் என்று நான் பயந்தேன்.

சில வாரம் கழித்து மேடம் போன் செய்தார். வழி இல்லாமல் பிள்ளைகள் நடக்கச் சுணங்குகிறார்கள், அதிலும் குருவி கம்பியையே தொட மறுக்கிறாள், பாதம் எங்கே என்று கேட்கிறாள் என்றார். இன்னொரு கடையில் கேட்கவா, உங்களிடமே கேட்கவா என்றார். நான் போனைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"விரல் தனியா வேண்டாம் மேடம். பாதத்தோட சேர்த்து வரைஞ்சுக்கறேன்" என்றாள் கடைசியில்.

அன்று பிளக்கைப் பிடுங்கி ஸ்டூலில் வைத்துவிட்டு, புதுக் கத்தியை மாட்டி, பச்சைப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்தபடி அவள் நின்ற நிற்பை நான் கதவோரம் இருந்து பார்த்தேன். முதலாளி பின்னறைக் கதவை முன்னறைப் பக்கமிருந்து சாத்திவிட்டு, வந்தவர்களிடம் "அப்புறம் வாங்க, உள்ள வேலை நடக்குது" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பொத்தானை அழுத்தினாள். ஒவ்வொரு பாதம் முடிந்ததும் நிறுத்தினாள், முனையைப் பார்த்தாள், இருக்கு என்றாள், மறுபடி ஓட்டினாள். பொழுது முழுக்க அந்த ஒரு வேலைதான். என் தங்கை இவள்தான் என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன்.

புதுப் பாதங்களை, துணியைத் தடவிப் பார்த்து வாங்கிய புதுப் பட்டையால் தேய்த்து ஒட்டினேன். முடிந்ததும் தங்கை செருப்பைக் கழற்றினாள். கதவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பாதத்தின் மேலும் தன் வெறுங்காலை வைத்து, முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தி, குதிகாலைத் திருகி, அடுத்ததற்குப் போனாள். பிள்ளைகள் அளவுப் பாதம். அவள் கால் அதற்கு மேல் வழிந்தது. மேடம் வேண்டாம் என்றார், அவள் கேட்கவில்லை. முகம் முழுக்க வேர்த்திருந்தது. கண்ணாடி வரை போய்த் திரும்பி, அதே மாதிரி மிதித்து வந்து சேர்ந்தாள்.

குருவியும் அம்மாவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா உள்ளே வந்தார். குனிந்து, உள்ளங்கையை விரித்து, முதல் பாதத்திலிருந்து கடைசிப் பாதம் வரை தானும் ஒருமுறை தடவிக்கொண்டே போய் வந்தார். அதன் பிறகுதான் பிள்ளையை இறக்கிவிட்டார்.

குருவி தரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இந்தக் காலுக்கு விரலே இல்ல."

"சாக்ஸ் போட்டிருக்கு" என்றாள் தங்கை.

"யாரோட சாக்ஸு?"

"நடந்து போய் அந்தக் கடைசிப் பாதத்தைக் கேளு."

குருவி கம்பியைப் பிடித்தாள். சிவப்பு, நீலம், சிவப்பு. ஒவ்வொரு அடிக்கும் தங்கையின் கை என் சட்டையை இறுக்கியது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். பழைய கீறல் நின்ற இடத்தையும் அவள் தாண்டினாள். குருவி கண்ணாடி வரை போய், அதில் தன் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அம்மா போய் அவளைத் தூக்கினார். இடது உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். வலது உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டே எங்கள் பக்கம் நடந்து வந்து, இரண்டு பாதங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, என் தங்கை பார்ப்பதற்காக அவள் முகத்துக்கு நேரே காட்டினார்.